முகம் இறுகாமல் ஒரு படம்

1877ஆம் ஆண்டு களுத்துறையில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. கமராவுக்குப் பின்னால் நின்றவர் ஜூலியா மார்கரெட் கேமரன். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் கவிஞர்களையும் விஞ்ஞானிகளையும் படமெடுத்துப் புகழ்பெற்று, 1875இல் இலங்கைக்குக் குடிவந்தவர். முன்னால் நின்றவர் தாவர ஓவியர் மரியான் நோர்த். கேமரன் அவருக்குக் கம்பளித் துணியைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்தும் இடமாகப் பார்த்து நிறுத்தினார். ஓலைகளுக்கிடையே உச்சி வெயில் கண்ணில் அடித்தது. வெப்பமானி 96 பாகை பரனைட்டில் நின்றது. அந்த நிலையில் முற்றிலும் இயல்பாக இருக்கும்படி தம்மிடம் கேட்கப்பட்டதை நோர்த் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

பழக்கமில்லாத உடை, பொருந்தாத நேரம், உறுத்தும் இடம், அதற்கு மேல் இயல்பாக இருக்கச் சொல்லும் கட்டளை. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் இந்த நான்கும் மாறவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் படமெடுக்கும் தருணங்களுக்குக் குறைவில்லை. கலியாணம், பட்டமளிப்பு, பெருநாள், வெளிநாட்டுப் பயணம் என்று வந்துகொண்டே இருக்கும். ஆனாலும் வீட்டில் கலகலவென்று பேசும் ராத்தா, கமராவைக் கண்டதும் தோளை உயர்த்தி மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். ஊருக்கே கதை சொல்லும் காக்கா, இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் விறைத்து நிற்கிறார்.

கூச்சம் என்று ஒரு சொல்லில் இதை முடித்துவிடுவது வழக்கம். அந்தக் கூச்சத்தில் பெரும்பங்கு முன்கூட்டிப் பேசாமல் விட்ட காரியங்களிலிருந்து வருகிறது. யார் எடுப்பது, யார் யார் பார்ப்பது, எதை உடுப்பது, எந்த நேரத்துக்கு எங்கே நிற்பது? இவை தீர்ந்த வீட்டில் ‘சிரிங்க, சிரிங்க’ என்று யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

இறுக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1839இல் பாரிஸில் டாகேரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டபோது ஒரு படத்துக்கு ஒளி பாய நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பின்வந்த ஸ்டூடியோக்களில் தலை அசையாமலிருக்கப் பிடரியில் இரும்புக் கவ்வி பொருத்துவார்கள். அந்தத் தேவை ஒழிந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்று நல்ல வெளிச்சத்தில் ஒரு கைபேசிக்கு நூறில் ஒரு விநாடியே போதும்.

ஆனால் இந்நாட்டில் அந்த விறைப்பை உயிரோடு வைத்திருக்கும் இன்னொன்று இருக்கிறது. பலருக்குத் தனியாக எடுத்த முதல் படமே தேசிய அடையாள அட்டைக்கானது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் அட்டை வழங்கப்படுகிறது. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளை அதற்காகவே ஸ்டூடியோ முக்காலியில் முதன்முதலாக உட்காருகிறது. கடவுச்சீட்டுப் படமோ சர்வதேச சிவில் விமான அமைப்பின் விதிகளுக்கு அடங்கியது. வாய் மூடியிருக்க வேண்டும், கண் நேராகப் பார்க்க வேண்டும், முகத்தில் எந்த உணர்ச்சியும் கூடாது. மத வழக்கப்படி தலையை மூடலாம். தாடையிலிருந்து நெற்றி வரை, முகத்தின் இரு ஓரங்களோடு தெரிந்தாக வேண்டும். முகத்தை இயந்திரம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஏற்பட்ட விதிகள் இவை. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிதோறும் அடையாள அட்டையை நீட்டி நின்ற தலைமுறைக்கு, கமரா என்றாலே அதிகாரி ஒருவர் பார்க்கப்போகும் முகம்தான்.

ஆகவே முதல் ஆயத்தம் எளியது. அடையாள அட்டைப் படத்தையும் மனதுக்குப் பிடித்த படத்தையும் ஒரே நாளில், ஒரே முக்காலியில் எடுக்கக் கூடாது. ‘வந்ததுதானே, அப்படியே ஒண்டு எடுப்பம்’ என்று எடுக்கும் படத்திலும் அட்டைக்கான அதே முகம்தான் விழும்.

மார்க்கம் சார்ந்த கேள்வியைத் தாண்டிப் போக முடியாது, போகவும் கூடாது. புகைப்படம் வந்த நாளிலிருந்தே உலமாக்கள் இதில் இரண்டு பட்டிருக்கிறார்கள். எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ, கமரா புதிதாக எதையும் படைப்பதில்லை, இருக்கும் நிழலைப் பிடித்து வைக்கிறது என்று வாதிட்டு அனுமதித்தார். யூஸுப் அல்கர்ளாவி 1960இல் வெளியிட்ட நூலிலும் அந்த அணுகுமுறையே இருக்கிறது. 1999இல் மறைந்த சவூதி அறிஞர் பின் பாஸ் தேவைக்கு மட்டும் என்ற வரம்போடு தடுத்தார். இந்த விவாதத்தின் நடுவிலும் மக்காவிலேயே கமரா இயங்கியிருக்கிறது. எகிப்திய இராணுவ அதிகாரி முஹம்மத் சாதிக் 1880களின் தொடக்கத்தில் மக்காவைப் படமெடுத்தார். அதே பத்தாண்டில் அப்துல் கப்பார் என்ற மக்கா மருத்துவர் ஹாஜிகளையும் ஊர்ப் பெரியவர்களையும் உட்காரவைத்து உருவப்படங்கள் எடுத்தார்.

கல்முனையில் ஒரே வீட்டில் இந்த இரண்டு கருத்தும் குடியிருக்கலாம். மகளுக்குப் படம் வேண்டும், பெரியம்மாவுக்கு வேண்டாம். கமராவைத் தூக்கிய பிறகு இதைக் கேட்பது தவறு. பத்துப் பேர் பார்க்கும்போது மறுக்க முடியாமல் நின்றவரின் முகம் படத்தில் அப்படியே பதிந்துவிடும். முதல் நாளே, தனியாக, மரியாதையாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அத்தோடு விட வேண்டும். அவர் வராத படம் குறைபட்ட படம் ஆகாது.

அடுத்தது பெண்களின் படம். இந்தக் கரையில் ஆயத்தம் என்பதன் பெரும்பகுதி இதுதான்.

இது புதிய சிக்கலும் அல்ல, தீர்வு இல்லாததும் அல்ல. ஹைதராபாத் நிஜாமின் புகைப்படக் கலைஞர் ராஜா லாலா தீன் தயாள், 1892இல் பெண்களுக்கென்றே ஒரு ‘ஜனானா’ ஸ்டூடியோ திறந்தார். அதை நடத்தியவர் கென்னி லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. உயர்ந்த மதில் சூழ்ந்த இடம். உள்ளே ஆண் வாடை கிடையாது. பர்தா முறையைக் கடைப்பிடித்த குடும்பத்துப் பெண்கள் அங்கே வந்தார்கள். பலஸ்தீனில் கரீமா அப்பூத் 1913 அளவில் கமரா பிடிக்கத் தொடங்கி, பெத்லகேம், நாசரேத் பகுதிகளில் பெண்களையும் குழந்தைகளையும் படமெடுத்துப் பெயர் பெற்றார். அவர் படங்களில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல் கமராவைப் பார்க்கிறார்கள். ஆண் ஒருவர் அதே இடத்தில் நின்றிருந்தால் அந்தப் பார்வை கிடைத்திருக்காது.

பெண் படப்பிடிப்பாளர் கிடைத்துவிட்டால் கவலை முடிந்தது என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. உண்மையில் அவர் முதல் ஆள் மட்டும்தான். மின்விளக்குப் பிடிக்கும் உதவியாளர் யார்? படங்களை எடிட் செய்பவர் யார்? அவர் வேறொரு ஊரில், வேறொரு கணினியில் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பார். அல்பம் அச்சிடும் இடத்தில் எத்தனை பேர்? மெமரி கார்ட் எப்போது அழிக்கப்படும்? கடைசியாக, அந்த ஸ்டூடியோவின் முகநூல் பக்கத்தில் விளம்பரமாகப் போடுவார்களா? இந்த வரிசையில் ஏதாவது ஓரிடத்தில் சந்தேகம் இருந்தால், ஹிஜாபை எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் மணப்பெண்ணின் கண் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வாய்ப்பேச்சோடு நிற்காமல், முற்பணம் கொடுக்கும்போதே பற்றுச்சீட்டின் பின்புறத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. ‘எந்தப் படமும் இணையத்தில் போடப்பட மாட்டாது, அல்பம் கையளித்து இத்தனை நாளில் கோப்புகள் அழிக்கப்படும்.’ அவ்வளவு போதும். ஆளை அடையாளம் காட்டும் படம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் தனிப்பட்ட தரவுக்குள் அடங்கக்கூடியது. அதைப் பற்றிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை; கேட்டவரைச் சந்தேகப் பேர்வழியாகப் பார்க்கும் ஸ்டூடியோவை விட்டு விலகிக்கொள்ளலாம். பெண்கள் மட்டும் இருக்கும் அறையில் வீட்டு உடையோடு எடுக்கும் படத்துக்கு இன்னும் கண்டிப்பான வழி இருக்கிறது. வீட்டுக் கைபேசியிலேயே மகளோ மருமகளோ எடுத்து, வெளியே எங்கும் அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம்.

உடைக்கு வருவோம். கறுப்பு அபாயாவும் வெள்ளை ஜுப்பாவும் கமராவுக்குக் கஷ்டமான சோடி. எந்தக் கமராவும் தனக்கு முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே கணக்குப் போடும். படச்சட்டம் முழுக்கக் கறுப்பு அபாயா நிறைந்தால், ‘இருட்டு அதிகம்’ என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டுகிறது. துணி சாம்பலாக வெளுக்க, முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். வெள்ளை ஜுப்பா நிறைந்தால் வெளிச்சத்தைக் குறைக்கிறது, முகம் கறுத்துப்போகும். ‘நான் கறுப்பா விழுந்திட்டன்’ என்று வாப்பா ஒதுக்கிவைத்த படங்களில் பல இந்தக் கணக்குப் பிழையால் வந்தவை. அவர் முகத்தில் ஒரு குறையும் இல்லை. கைபேசியில் முகத்தின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலோ கீழோ நகர்த்தினால் சரியாகும். குடும்பமாக நிற்கும்போது கறுப்புடுத்தவர்களை ஒரு பக்கமும் வெள்ளையுடுத்தவர்களை மறு பக்கமும் பிரிக்காமல் கலந்து நிறுத்தலாம்.

மருதமுனைக் கைத்தறிச் சாறனுக்கு வேறொரு சங்கதி உண்டு. நெருக்கமான கட்டமும் கோடும் கமராவின் உணரியில் உள்ள நுண்புள்ளி வரிசையோடு மோதி, துணியில் இல்லாத வானவில் அலைகளைப் படத்தில் உண்டாக்கும். மொய்ரே என்று இதைச் சொல்வார்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் தொடையில் பச்சையும் ஊதாவும் நெளிவது தெரியும். அதற்காக ஊரின் சொந்த நெசவை ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டு எட்டு முன்னே வந்தோ பின்னே போயோ, சற்றே கோணம் மாற்றியோ எடுத்தால் அலை மறைந்துவிடும். பெரிய கட்டம் போட்ட சாறனில் பெரும்பாலும் இந்தத் தொல்லை வருவதில்லை.

ஹிஜாபின் முன்விளிம்பு நெற்றியில் கூரை போட்டதுபோல் நிழல் விழுத்தும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரியாது. கதவடியில், வெளிச்சம் வரும் பக்கம் திரும்பி நின்று பார்க்க வேண்டும். விளிம்பை அரை விரல் பின்னே தள்ளினாலும் போதும், இல்லாவிட்டால் முகத்தை வெளிச்சத்துக்குச் சற்று உயர்த்தலாம். பளிச்சென்ற பச்சையோ சிவப்போ முகத்தை ஒட்டியிருந்தால் அந்த நிறம் தாடையில் ஏறிவிடும். இளநிறமும் மண்நிறமும் இதற்குப் பாதுகாப்பானவை. இரவல் உடையும் கடையிலிருந்து நேரே வந்த புது உடையும் வேண்டாம் என்பதே இக்கட்டுரையின் உறுதியான கருத்து. புதிய அபாயாவை ஒரு நாளாவது வீட்டில் உடுத்தி, உட்கார்ந்து, எழும்பிப் பார்த்திருக்க வேண்டும். உடுப்பைச் சரிசெய்தபடியே இருப்பவரின் கை படத்தில் ஓய்வதில்லை.

நேரமும் வெளிச்சமும் இந்தக் கரையில் ஒரு தனிக் கணக்கு. கடல் கிழக்கே இருக்கிறது. ஆகவே மேற்குக் கரை ஊர்களைப் பார்த்து எழுதப்பட்ட ‘கடலோரச் சூரிய அஸ்தமன’ யோசனைகள் இங்கே உதவா. அதிகாலையில் கடலைப் பின்னால் வைத்தால் சூரியன் ஆளின் முதுகில் அடித்து முகம் இருளும். காலையில் ஆள் கடலைப் பார்க்க வேண்டும். பின்னணியில் தோணியோ தென்னையோ கரைவலைக் குவியலோ வரட்டும். கடல்தான் பின்னணியாக வேண்டும் என்றால் மாலையே சரி. சூரியன் ஊருக்குப் பின்னால், தென்னைக்குக் கீழே இறங்கிய பிறகு மணல் முழுக்க மென்மையான வெளிச்சம் பரவும், கண் கூசாது.

அந்த மென்மை நீண்ட நேரம் நிற்பதில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் லண்டனில் உதித்த சூரியன் முதல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 9 பாகை உயர்கிறது. கல்முனை அகலக்கோட்டில் அது கிட்டத்தட்ட 15 பாகை. இங்கே சூரியன் சரிந்து ஏறாமல் நிமிர்ந்து ஏறுகிறது. காலை எட்டு மணிக்கு மேல் முகத்தில் மூக்கு நிழல் விழத் தொடங்கிவிடும். மாலை வெளிச்சத்துக்கோ தொழுகை நேரம் தானாகவே பொருந்துகிறது. அஸர் தொழுதுவிட்டு ஆறுதலாகத் தேநீர் குடித்து, நாலேமுக்காலுக்குத் தொடங்கினால் மஃரிப் பாங்குக்கு முன் அவசரமில்லாமல் முடிக்கலாம். பாங்கு சொல்லப்போகிறது என்று பதறும் கடைசி ஐந்து நிமிடத்தில் எடுத்த படங்களை எண்ணிப் பார்த்தால் தேறுவது குறைவு.

நோன்பு மாதத்துப் பின்னேரம் வேண்டாம். உதடு வறண்டு, முகம் களைத்திருக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும் பகல்களில் கண் சிவந்து, ஷால் பறக்கும். அந்நாட்களில் கடற்கரையை விட வீட்டு விறாந்தை மேல். வாடை மழைக் காலத்து மேகமூட்டமோ படத்துக்கு மிக நல்லது. வானம் முழுவதுமே ஒரு பெரிய விளக்காகிவிடும். முதியவர்களுக்கு எந்த மாதமானாலும் மேற்கூரைக்கு அடியில், வெளிச்சம் பக்கவாட்டில் வரும் கதிரையே உத்தமம்.

இனி முகம். தம் படம் தமக்கே பிடிக்காமல் போவதற்கு ஒரு காரணத்தை 1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் மீட்டா, டெர்மர், நைட் ஆகியோர் சோதித்துக் காட்டினார்கள். ஒருவருக்குத் தன் முகத்தின் கண்ணாடிப் பிம்பமே அதிகம் பிடித்தது. அவருடைய நண்பருக்கோ உண்மைப் படம்தான் பிடித்தது. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியில் பார்த்துப் பழகிய வகிடும் புருவமும் படத்தில் பக்கம் மாறி நிற்கின்றன. ‘இது நானில்ல’ என்று உம்மா சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. படத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவரிடம் மட்டும் விடாமல், அவரை நேசிக்கும் ஒருவரையும் பக்கத்தில் இருத்துவது இதனால்தான்.

தூரமும் ஏமாற்றும். 2018இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வின்படி, 12 அங்குலத்தில் எடுத்த செல்பியில் மூக்கு, 5 அடித் தூரத்தில் எடுத்த படத்தைவிடச் சுமார் 30 சதவீதம் அகன்று தெரிகிறது. ஐந்து அடிக்கு அப்பால் நின்று, தேவையென்றால் சற்று ஸூம் செய்து எடுப்பது முகத்துக்கு நியாயம் செய்யும். எடுப்பவர் முகத்துக்கு அருகே வராமலிருப்பது கூச்சத்தையும் குறைக்கும்.

பேர்போன கலைஞர்களின் உத்திகளை அப்படியே எடுத்துக்கொள்வதில் கவனம் தேவை. 1941 டிசம்பர் 30ஆம் திகதி ஒட்டாவாவில் யூசுப் கார்ஷ், முன்னறிவித்தல் இல்லாமல் கமரா முன் வந்த சேர்ச்சிலின் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கி, கோபப் பார்வையைப் படமாக்கினார். மகத்தான படம்தான். ஆனால் அது ஆளை நிலைகுலையச் செய்து பெற்றது. போர்க்காலப் பிரதமருக்குத் தாங்கும், நிந்தவூர்ப் பெரியம்மாவுக்குத் தாங்காது. பிலிப் ஹால்ஸ்மன் தம்மிடம் வந்தவர்களையெல்லாம் துள்ளிக் குதிக்கச் சொல்லி 1959இல் ஒரு நூலே வெளியிட்டார். குதிக்கும்போது கவனமெல்லாம் குதிப்பில் போய், முகமூடி கழன்றுவிடும் என்பது அவர் கணிப்பு. குதிப்பை விட்டுவிட்டுக் கணிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கைக்கு ஒரு வேலை கொடுத்தால் முகம் தானே இளகும். வெற்றிலை வட்டாவைப் பக்கத்தில் வைத்துப் பாக்கு வெட்டும் மூத்தம்மாவுக்கு ‘இயல்பாக இருங்க’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நெசவாளி தறியில் இருக்கட்டும். மீனவர் வலையைத் தைக்கட்டும்.

சிரிப்பைக் கேட்டு வாங்க முடியாது என்பதை பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862இலேயே எழுதினார். வாயோரத் தசையை விருப்பப்படி இழுக்கலாம். மனம் மகிழும்போது கண்ணைச் சுற்றிச் சுருங்கும் தசை கட்டளைக்கு எளிதில் அடங்காது. “ராத்தா, இண்டைக்கு என்ன கறி ஆக்கின?” என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும் கணத்தில் எடுக்க வேண்டும். மூச்சை முழுதாக வெளியே விடச் சொன்னால் தோள் இறங்கும். முதல் பத்துப் படத்தை எண்ணிக்கையில் சேர்க்கவே கூடாது. அவை கமராவோடு பழகுவதற்கானவை. சிறு பிள்ளைகளுக்கு வேண்டியது தூக்கமும் சாப்பாடும் முடிந்த நேரம், அவ்வளவுதான்.

இத்தனை ஆயத்தமும் ஒரு படத்துக்கா என்று கேட்பவர்கள் இந்தக் கரையில் இருக்க மாட்டார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். வீட்டோடு அல்பங்களும் போயின. 2011இல் ஜப்பானில் அதே அழிவு வந்தபோது யமமோட்டோ என்ற ஊரில் தொண்டர்கள் சேற்றிலிருந்து ஏழரை இலட்சம் படங்களை மீட்டுக் கழுவினார்கள். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தேடி மின்னாக்கம் செய்திருக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது ஸ்டூடியோக்களில் எஞ்சியிருக்கும் பழைய நெகட்டிவ்களுக்கும் அப்படி ஒரு முயற்சி வேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அருகில் ஒலுவிலிலேயே இருக்கிறது. அதைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

வீடுகள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வரும் பெருநாளுக்கு, விருப்பம் கேட்டு, வீட்டு மூத்தவர்களை அஸருக்குப் பின் விறாந்தையில் இருத்தி ஒரு படம் எடுங்கள். கைபேசியிலேயே விட்டுவிடாமல் இரண்டு பிரதி அச்சிடுங்கள். ஒன்றை வீட்டில் வையுங்கள். மற்றதைச் சம்மாந்துறையிலோ இறக்காமத்திலோ, கடலை விட்டுத் தள்ளியிருக்கும் உறவுக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.